அச்சுப் பிடித்த கை

வெர்னாவின் குரல் கட்டைக் குரல். பிறவியில் அப்படியில்லை, கல்யாணமான நாளிலிருந்து கத்திக் கத்தி ஆனது. புருஷன் ஹாரிசன் பட்டறையை விட்டு வெளியே கால் வைத்தால், "அம்மா, வர்றாரு!" என்று ஒரு கத்தல். அம்மா கிளெனிபா தன் ஹோகன் குடிசையிலிருந்து ஆட்டுத் தொழுவத்துக்குக் கிளம்பினால், "ஏய்யா, அம்மா வருது, உள்ளயே இரு!" என்று பட்டறைப் பக்கம் இன்னொரு கத்தல். மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் போகும். பேசவும் கூடாது. அவர்களுடைய பூர்வகுடி ஜனங்களில் டவுனுக்குக் குடிபோனவர்கள் இதையெல்லாம் எப்போதோ உதறிவிட்டார்கள். மாமியாரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிளெனிபா விடவில்லை. அவள் விடாததால் ஹாரிசனும் விடவில்லை. இருவருடைய மரியாதைக்கும் வெர்னாவின் தொண்டைதான் கிடைத்தது.

கிழக்கே பார்த்த வாசலோடு அம்மாவின் மரக்கட்டை ஹோகன், அதற்கு எதிரே கல்லெறி தூரத்தில் சிமெண்ட் கல் வைத்துக் கட்டிய வெர்னாவின் வீடு, இரண்டுக்கும் நடுவே பட்டறை என்று பேர் வைத்துக்கொண்ட தகரக் கொட்டகை. சுற்றிலும் ஜூனிப்பர் புதர், செம்மண், காற்று. காற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒருநாளும் ஓய்வதில்லை. வெர்னா விடியுமுன்னே எழுந்து விடுதிப் பள்ளிக்கூடத்துச் சமையலறைக்கு வண்டியெடுத்துப் போவாள். அத்தனை பிள்ளைகளுக்கும் கஞ்சி காய்ச்சி ஊற்றி, அண்டாக்களைத் தேய்த்துக் கவிழ்த்து, வரும் வழியில் பீப்பாய்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மத்தியானம் வீடு வந்து சேர்ந்தால், இங்கே இரண்டு பந்தி காத்திருக்கும். அம்மாவுக்கு ஒரு இடம், புருஷனுக்கு ஒரு இடம். ஒரே ஆட்டுக்கறிச் சாறுதான், இரண்டு பக்கமும் சுமக்க வேண்டும்.

அந்த வருஷம் பனி முந்திக்கொண்டது. ஒரு மத்தியானம் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். பட்டறைச் சத்தம் சரியில்லை.

வெள்ளித் தகட்டில் அச்சு வைத்து வேலை செய்கிறவனுக்கு அடி ஒன்றுதான். பழைய அரத்தையோ உளியையோ தேய்த்து, நுனியில் பூவோ பிறையோ வெட்டி வைத்த எஃகு அச்சைத் தகட்டின்மேல் நட்டு நிறுத்தி ஒரே போடு. வலு குறைந்தால் கோடு மங்கும். சரி பண்ணுகிறேன் என்று இன்னொரு தரம் அடித்தால் அச்சு மயிரிழை நகர்ந்து இரட்டைக் கோடு விழும். விழுந்தது விழுந்ததுதான். ஹாரிசன் அடித்தால் டங் என்று ஒன்று, மூச்சு விடும் நேரம், மறுபடி டங். அந்தத் தாளத்துக்கு ரொட்டி தட்டிப் பழகியவள் வெர்னா. இன்று டங் என்று ஒன்று கேட்டது, பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை, பிறகு பயந்தாற்போல் டக் டக்கென்று இரண்டு.

மாவுக் கையோடு போய்ப் பார்த்தாள். பட்டடையாகப் போட்டிருந்த தண்டவாளத் துண்டின் முன்னால் குந்தியிருந்த ஹாரிசன் ஒரு வில்லையை அவசரமாக, வெள்ளி உருக்கும் மூசைக்குள் போட்டான்.

"என்னய்யா இது?"

"என்னது?"

"சத்தம் நொண்டுது."

"சுத்திப் புடி ஆடுது. ஆப்பு வைக்கணும்."

சுத்தியலை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். பிடி கல்லாட்டம் இருந்தது. மூசைக்குள் கைவிட்டு வில்லையை எடுத்தாள். இடுப்புப் பட்டையில் கோக்கிற முட்டை வடிவ வில்லை. ஓரத்தைச் சுற்றிப் பாதிச் சூரியன்கள் வரிசையாக உட்கார வேண்டும். பட்டி வாசலில் முண்டும் ஆடுகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன.

"எத்தன போச்சு இப்பிடி?"

"மூணு. உருக்கி மறுபடி தட்டிக்கலாம், வெள்ளி எங்க ஓடிப்போகுது?"

"என்னைப் பாரு. நான் என்ன சட்ட போட்டுருக்கேன்?"

அவன் நிமிர்ந்து, அவள் இருந்த பக்கம் பார்த்து, கொஞ்சம் யோசித்தான். "பச்ச."

"அது நேத்து. இன்னிக்குச் செவப்பு."

"நீ சட்ட மாத்துனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்ல," என்று சிரித்தான். வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கேலப் ஊர்க் கடைக்காரருக்கு அந்த வில்லைப் பட்டையை முடித்துக் கொடுத்தால்தான் குளிருக்கு ஆடுகளுக்கு வைக்கோல். மேய்ச்சல் பூராவும் பனிக்கடியில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் சின்னப் பையனாக ஒரு டாக்டர். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது என்றார். எடுத்துவிடலாம், ஆனால் பெரிய ஊருக்குப் போக வேண்டும், வரிசை நீளம், முறை வரும்போது சேதி சொல்லி அனுப்புவோம், வண்டியும் அனுப்புவோம் என்றார். ஹாரிசன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். திரும்பி வரும்போது வெர்னா வண்டி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து தெரியாத ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தான். பனித்தூறல் கண்ணாடியில் அப்பியது.

"பொர இல்ல அது," என்றான்.

"பின்ன?"

"பாத்துட்டேன்."

"எதப் பாத்த?"

"உங்கம்மாவ."

வண்டி ஓரத்துச் சேற்றில் இறங்கி ஏறியது. வெர்னா நிறுத்திவிட்டாள்.

"எப்ப?"

"போன இலையுதிர் காலம். நீ பள்ளிக்கூடத்துல. கொளத்துச் சேத்துல ஒரு ஆடு மாட்டிக்கிச்சு. அவங்க கத்துற சத்தம் கேட்டுச்சு. ஆட்டக் கூப்புடுறாங்களா, ஆளக் கூப்புடுறாங்களான்னு தெரியல. போயிப் பாத்தா... பாக்கல, கண்ண மூடிக்கிட்டுத்தான் எறங்குனேன். தடவித் தடவிப் போயி, ஆட்டுக் காலுன்னு நெனச்சு இழுத்தா கையில பாவாட வருது. அவங்களும் முட்டி வரைக்கும் பொதஞ்சு நிக்கிறாங்க. தெறந்துட்டேன்."

"அம்மா உன்னயப் பாத்துச்சா?"

"அவங்க சால்வைய இழுத்து மூடிக்கிட்டாங்க. அதுக்குள்ள நான் பாத்துட்டேன்." முகத்தை அவள் பக்கம் திருப்பினான். "நீ அப்பிடியே அவங்கதான். மூக்கு மட்டும் வேற. அது ஒன்னப் பெத்துட்டுப் போனவரு மூக்கா இருக்கும்."

"எம் மூக்கு எங்கருந்து வந்துச்சுன்னு பாக்கவாய்யா கண்ணக் குடுத்த?"

"அவங்ககிட்டச் சொல்லிராத, வெர்னா. அவங்க தம் மேல போட்டுக்குவாங்க."

தோஹாட்சிப் பக்கமிருந்து, பாட்டுப் பாடித் தோஷம் கழிக்கிற பாட்டுக்காரரைக் கூட்டி வந்தார்கள். சொந்தபந்தம் வந்தது, ஆடு அறுத்தார்கள், விறகு மலையாகக் குவிந்தது. உள்ளே என்ன பாடினார்கள், என்ன செய்தார்கள் என்பதெல்லாம் வெளியே சொல்லித் திரிகிற விஷயமில்லை. வெர்னா அத்தனை பேருக்கும் ரொட்டி பொரித்தாள், அதைச் சொல்லலாம். கிளெனிபா அந்த நாட்களில் தன் ஹோகனை விட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து கிளம்பும்போது பாட்டுக்காரர் காப்பியை ஊதிக் குடித்துக்கொண்டே ஹாரிசனிடம் சொன்னார்:

"ஒம் மனசுல இருந்தத எடுத்தாச்சு. கண்ணுல இருக்குறத எடுக்க ஆஸ்பத்திரிக்காரன்ட்டக் கத்தி இருக்கு. அவன் வேலைய அவன் பாக்கட்டும், என் வேலைய நான் பாத்துட்டேன். கூப்புட்டா போ."

ஹாரிசனுக்கு நெஞ்சு லேசானது. முகத்தில் தெரிந்தது. கண்தான் நாளுக்கு நாள் வெண்மை கட்டியது.

பாட்டுக்காரர் கிளம்பிய அன்று சாயங்காலம் அம்மாவுக்கு மிச்சக் கறி கொண்டுபோனாள் வெர்னா. கிளெனிபா அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளி சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் சிக்குச் சீப்பைக் கீழே வைத்தாள்.

"என்னைய எமர்சன் வீட்டுல கொண்டு விட்டுரு."

எமர்சன் வெர்னாவின் தம்பி, கேலப்பில் இருக்கிறவன். அவன் வீட்டைச் சூடாக்குகிற எந்திரத்தின் சத்தம் ஆகாது என்று ஒரு ராத்திரிகூடத் தங்காதவள் அம்மா.

"இப்ப என்னாத்துக்கு அங்க?"

"பாட்டுப் பாடியும் அவன் கண்ணு தெளியலைல்ல? நான்தான் காரணம்."

வெர்னா கறிச்சட்டியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"பட்டறைக்குப் பின்னாடி தகரத்துல ஆணி ஓட்ட ஒண்ணு இருக்கு," என்றாள் கிளெனிபா. "ஆட்டுக்குத் தீனி வைக்கப் போறேன், கத்துன்னு ஒன்ட்டச் சொல்லிட்டு, அங்க போயி நிப்பேன்."

"எதுக்கும்மா?"

"சும்மாதான். அவன் கையப் பாக்க." கம்பளி உருண்டையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். "ஒன்னப் பெத்தவரு வெள்ளி அடிக்கயில நான்தான் அச்சுப் புடிப்பேன். கல்யாணமான புதுசுலருந்து. அவரு போனப்ப அச்செல்லாம் அவரோடயே வச்சு அனுப்பிட்டோம். அதான மொற. அதுக்கப்புறம் இந்தக் கைக்கு அந்த வேல இல்ல. அந்தப் பக்கம் சத்தம் கேட்டா வெரலு சும்மா இருக்க மாட்டேங்குது, நான் என்ன செய்ய?"

"எத்தன நாளா பாக்குற?"

"நாளா? வருசம்டி. மொகத்தப் பாக்க மாட்டேன், கைய மட்டும்தான். கையும் அவன்தான? ஒரு நா திடீர்னு நிமிந்துட்டான். கண்ணுக்குக் கண்ணு. அவன் ஓட்டைய என்னத்தக் கண்டான், நான் கண்டேன். அவன்ட்டச் சொல்லிராத தாயி. பாவம், தான் பாத்ததாலன்னு நெனச்சுக்கிட்டிருப்பான்."

வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு இருக்குறது காதா, குப்பக் குழியா? அவரு வண்டியில வச்சு ஒண்ணக் கொட்டுறாரு, நீ இங்க வச்சு ஒண்ணக் கொட்டுற. சொல்லிராத சொல்லிராதன்னு ரெண்டு பேரும். நான் எவகிட்டப் போயிக் கொட்ட?"

"அவன் என்ன கொட்டுனான்?"

"ஒண்ணுமில்ல. தின்னு. ஆறிப்போகுது."

எமர்சன் மறுவாரம் வந்தான். வாய் மட்டும் வேலை செய்கிற ஆள். வண்டியை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்தான்.

"என்ன மச்சான், காதால அச்சடிக்கிறியாமே? கேலப் பூராவும் பேச்சு."

"வா மாப்ள. ஒம் மொகம் தெரியாம இருக்குறதுதான் இந்தக் கண்ணால எனக்கு ஒரே ஆதாயம்."

"கடைக்காரரு ரெண்டு தடவ கேட்டுட்டாரு. பட்டையக் கொண்டாந்தா வைக்கோல நானே ஏத்திட்டு வந்து எறக்குறேன். இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்குறேங்கிறாரு."

ஹாரிசனுக்கு அடி மறக்கவில்லை. எந்த அச்சுக்கு எவ்வளவு வலு என்பது தோளுக்குத் தெரியும், கண்ணைக் கேட்க வேண்டியதில்லை. அச்சை எங்கே வைப்பது என்பதுதான் போய்விட்டது. இன்னொருவர் இடம் பார்த்து வைத்து, சாயாமல் பிடித்தால் போதும். எமர்சன் பிடித்தான். சுத்தியல் இறங்குமுன் அவன் கை தானாக இழுத்துக்கொண்டது. மூன்று தரமும் அச்சு எகிறிப் போய் மரத்தூளில் விழுந்தது.

"மாப்ள, ஒன்ன அடிக்க வரல. அச்சத்தான் அடிக்கிறேன்."

"அது ஒனக்குத் தெரியும் மச்சான், எங்கைக்குத் தெரியலையே."

பிறகு வெர்னா உட்கார்ந்தாள். கை இழுக்கவில்லை. ஆனால் விடியற்காலையிலிருந்து அண்டா தூக்கிய கை, லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. பாதிச் சூரியன் ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டாள். அடுத்ததில் அச்சு சாய்ந்து, அடி அவள் கட்டைவிரலில் விழுந்தது. வலியில் ஒரு சத்தம்கூடப் போடவில்லை, பனியை அள்ளி விரலை அதற்குள் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றாள். ஹாரிசன் உள்ளிருந்து, "எங்க பட்டுச்சு? எங்க பட்டுச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நகம் ராத்திரிக்குள் கறுத்துவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் நேரே அம்மாவிடம் போனாள்.

"நீ வந்து புடி."

"என்னத்தப் புடிக்க?"

"அச்ச. வருசக்கணக்கா ஓட்டையில நின்னு பாத்தேல்ல? இப்ப உள்ள வந்து பாரு."

"ஒனக்குப் புத்தி கித்தி..."

"அவருக்குக் கண்ணு தெரியல. தெரியாத ஆளு ஒன்ன எப்பிடிப் பாப்பாரு? மிச்சம் மீதி வெளிச்சம் தெரியுதுன்னா துணியக் கட்டிவிடுறேன். நீ சால்வையை இழுத்துவிட்டுக்கிட்டுக் கையப் பாரு, மொகத்த ஏன் பாக்குற? பேச வேணாம். பேசுறதுக்குத்தான் கழுத ஒருத்தி நடுவுல இருக்கேனே."

கிளெனிபா மகளுடைய கறுத்த நகத்தைப் பிடித்துப் பார்த்தாள். "எந்தக் கையில புடிச்ச? வலதுலயா? அதான்," என்று எழுந்தாள்.

ஹாரிசன் மறுப்பான் என்று வெர்னா நினைத்திருந்தாள். அவன் கழுத்துத் துணியை அவிழ்த்து நீட்டினான். "நல்லா இறுக்கிக் கட்டு. அவங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது."

அன்றைக்கு அந்தக் கொட்டகையில் நடந்த கூத்தை எமர்சன் பார்த்திருந்தால் கேலப்பில் ஒரு மாசம் சொல்லிச் சிரித்திருப்பான். தண்டவாளத் துண்டுக்கு அந்தப் பக்கம் கண்ணைக் கட்டிய மருமகன், இந்தப் பக்கம் மூக்கு வரை சால்வையை இழுத்துவிட்ட மாமியார். இருவர் முழங்காலுக்கும் நடுவே ஒரு முழம். அந்த ஒரு முழத்துக்கு வெர்னா பேச்சு சுமந்தாள்.

"ஓரக் கோட்டத் தொட்டாப்பல வைக்கணும்னு உங்கம்மாட்டச் சொல்லு."

"அம்மா, ஓரக் கோட்டத் தொட்டாப்பல வைக்கணுமாம்."

"தெரியும்னு சொல்லு. அவன இவ்வளவு ஓங்க வேணாம்னு சொல்லு, வெள்ளி என்ன பாறையா?"

"தெரியுமாம். ஓங்க வேணாமாம்."

"இந்த அச்சு பழசு, முனை மழுங்குனது, அதுக்கு ஓங்கித்தான் ஆகணும்னு சொல்லு."

"அம்மா..."

"கேட்டுச்சு. ஒரு நூல் தள்ளி வச்சுருக்கேன், இப்ப அடிக்கச் சொல்லு."

"அடிக்கவாம்."

டங்.

வெர்னா குனிந்து பார்த்தாள். பாதிச் சூரியன், கோட்டைத் தொட்டுக்கொண்டு, சுத்தமாக. அடுத்தது அதன் தோளோடு தோள் ஒட்டி. கிளெனிபாவின் கை ஒரு அடிக்கும் அசையவில்லை.

எத்தனை சூரியன் வரை பேச்சு சுமந்தாளோ, வெர்னாவுக்குத் தெரியாது. கரி மூட்டைமேல் சாய்ந்தது ஞாபகம். விழித்தபோது அடுப்புத் தணல் மங்கியிருந்தது, மேலே யாரோ கோட்டுப் போர்த்தியிருந்தார்கள், சத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பழைய தாளம். டங், மூச்சு விடும் நேரம், டங். எழுந்திருக்காமல் படுத்தபடியே கவனித்தாள். அம்மா அச்சை நட்டு, சரிபார்த்து, விரல் நகத்தால் அச்சின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். டிக். ஹாரிசன் அடித்தான். இரண்டு தட்டுத் தட்டினால் பொறு என்று அர்த்தம் போலிருக்கிறது, சுத்தியல் மேலேயே நின்றது. யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வெர்னா கண்ணை மூடி மறுபடி தூங்கினாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் போல வெர்னாவுக்கு வாய்த்ததே இல்லை. இருவரும் ஒரே இடத்தில் இருந்ததால் கத்த வேண்டியதில்லை. ஒரே சட்டி, ஒரே இடத்தில் இறக்கி வைத்தால் போதும், இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து தின்றார்கள். வில்லைகளை இளக்கிக் கொடுப்பதும், அடித்து முடித்ததை மரக்கட்டைக் குழியில் வைத்துக் குமிழாக்குவதும் ஹாரிசன் தடவியே செய்தான். பின்பக்கம் வளையம் பற்றவைக்கும்போது நெருப்பை மட்டும் வெர்னா பிடித்தாள். மத்தியானம் ஒரு தூக்கம் போட்டாள், கல்யாணத்துக்கு முன்னால் போட்டது. தொண்டை கரகரப்பு குறைந்தது. பள்ளிக்கூடத்துச் சமையற்காரி ஒருத்தி, "என்னக்கா, குரல் கொமரி மாதிரி ஆயிருச்சு?" என்று கேட்டாள்.

அம்மாவும் மாறிப்போனாள். எமர்சன் வீட்டுப் பேச்சே எடுக்கவில்லை. ஒரு நாள் வெர்னா காப்பி கொடுக்கும்போது தணிந்த குரலில் சொன்னாள்: "போனவரு அடி கொஞ்சம் அவசரம். இவன் பொறும." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோலக் காப்பிக்குள் பார்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை எமர்சன் தண்ணீர்ப் பீப்பாய்களோடு வந்தான். அம்மாவின் ஹோகனில் இறக்கிவிட்டு இந்தப் பக்கம் வந்தவன், அதிசயமாக முதலில் விஷயத்தைச் சொன்னான்.

"ஆஸ்பத்திரியிலருந்து கூப்புட்டாங்கக்கா. மச்சானுக்கு மொற வந்துருச்சு. வியாழக்கெழம விடியமுன்ன வண்டி வரும். ஒரு கண்ணு இப்ப, இன்னொண்ணு பெறகு. அம்மாட்டச் சொல்லிட்டேன். மச்சான் எங்க, உள்ளயா?"

"நான் சொல்லிக்கிறேன்," என்றாள் வெர்னா. "வேலையில இருக்காரு. நீ கெளம்பு, ரோடு உறைஞ்சுரும்."

சொல்லத்தான் நினைத்தாள். சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தாள். சாயங்காலம் அவன் ஒரு வில்லையைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்து, "வழவழன்னு வந்துருக்குல்ல?" என்று கேட்டபோது, நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. செவ்வாய்க்கிழமை முழுக்க நாக்கு நுனியில் வைத்துக்கொண்டே திரிந்தாள். இந்த முறை போனால் இன்னொரு முறை வராதா? ஆடுகள் குட்டி போட்டு முடியட்டுமே. பட்டையில் இன்னும் வில்லை பாக்கி இருக்கிறது. கண் தெரிந்துவிட்டால் மறுநாளிலிருந்து அம்மா அந்தப் பக்கம், அவன் இந்தப் பக்கம், நடுவில் மறுபடி இவள். புருஷன் கண் தெரியாமல் இருக்கட்டும் என்று யாராவது நினைப்பார்களா? அவள் அப்படி நினைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் உட்கார்ந்துகொள்கிறேன் என்றுதான் நினைத்தாள். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தபோது, ரொட்டியைக் கல்லிலிருந்து எடுக்க மறந்து கருகவிட்டாள்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஹோகனில் கொண்டுவிடும்போது, வாசலில் நின்று மகள் முகத்தையே பார்த்தாள், அவ்வளவுதான்.

புதன்கிழமை வெயிலடித்தது. தகரக் கூரையில் பனி உருகிச் சொட்டியது. கடைசி வில்லை, பக்கிள், இரண்டுதான் மிச்சம். ஹாரிசன் கண்ணில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தான், கிளெனிபா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள், வெர்னா கரி மூட்டைமேல் உட்கார்ந்து சோளமாவு சலித்தாள். வில்லையில் பாதிச் சுற்று ஓடிவிட்டது. பிறகு டிக் வரவில்லை.

ஹாரிசன் சுத்தியலை ஓங்கியபடி காத்திருந்தான். ஒரு தட்டும் இல்லை, இரண்டு தட்டும் இல்லை. வெர்னா நிமிர்ந்தாள். அம்மா அச்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு விடியமுன்ன வண்டி வருது," என்றாள் கிளெனிபா. "போ. போயி கண்ணத் தெறந்துக்கிட்டு வா."

மகளிடம் சொல்லவில்லை. மகள் பக்கம் திரும்பக்கூட இல்லை. எதிரே ஒரு முழத்தில் இருந்தவனிடம் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவனுக்கென்று அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. சொன்ன வாயைச் சால்வை நுனியால் பொத்திக்கொண்டாள்.

சலித்த மாவு வெர்னாவின் மடியெல்லாம் கொட்டியிருந்தது.

ஹாரிசன் சுத்தியலை மெல்ல இறக்கி முழங்காலில் வைத்தான். பிறகு கட்டிய கண்களோடு முகத்தை வெர்னா இருந்த பக்கம் திருப்பினான்.

"வெர்னா, உங்கம்மா ஏதோ சொன்னாங்க போலருக்கு. என்ன சொன்னாங்க?"

கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஊசி விழுந்தாலும் கேட்கிற காது அவனுக்கு இப்போது. மாமியார் முறை தவறிப் பேசிவிட்ட பேச்சை அவன் காதில் விழாததாக்கிவிட்டான். இனி அது வெர்னாவின் வாயிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

"ஆஸ்பத்திரி வண்டி நாளைக்கு வருதாம்," என்றாள். குரல் பழையபடி கட்டிக்கொண்டது. "மொற வந்துருச்சாம். அம்மா உன்னப் போகச் சொல்லுது."

"சேதி எப்ப வந்துச்சு?"

"திங்கக்கெழம."

அவன் தலையை ஆட்டினான். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அலுத்துப்போச்சுய்யா," என்றாள் வெர்னா. அழக் கூடாது என்று நினைத்தாள், முடியவில்லை. "அங்கிட்டும் இங்கிட்டும் கத்திக் கத்தி அலுத்துப்போச்சு. இப்பத்தான் உக்காந்தேன்."

"தெரியும்," என்றான் ஹாரிசன். "இந்தச் சத்தத்துக்குள்ள நீ கொறட்ட விட்டுத் தூங்குறது எனக்குக் கேக்கும்ல. எனக்கும் புடிச்சுத்தான் இருந்துச்சு."

சுத்தியல் பிடியைத் தடவினான்.

"போயிட்டு வந்தா அவங்க இங்க உக்கார முடியாது. அதையும் அவங்ககிட்டச் சொல்லிரு."

கிளெனிபா ஒரு முழத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெர்னா அம்மா பக்கம் திரும்பி, "அம்மா, இவரு போயிட்டு வந்தா..." என்று ஆரம்பித்தாள். முடிக்குமுன்னே சால்வைக்குள் தலை ஒருமுறை அசைந்தது.

"தெரியுமாம்," என்றாள் வெர்னா.

"சரி. வெளிச்சம் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப இன்னிக்கே முடிச்சுருவோம். அடுத்தத வைக்கச் சொல்லு."

வெர்னா சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அச்சின் தலையில் நகம் தட்டியாகிவிட்டது. ஹாரிசன் ஓங்கி ஒரே அடி அடித்தான்.